கல்குவாரிக்குப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு

வாத்தியார் வேலை என்பது, அடுத்த வாரம் வகுப்பில் என்ன நடக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே எழுதி வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையிலேயே அது பொய்யாகிப் போவதைப் பார்க்கிற வேலை. உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்களும் பாடக்குறிப்பு எழுதியிருப்பீர்கள், அதில் சிவப்பு மையில் கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள். எனக்கு நடந்தவற்றில் சிலதை மட்டும் சொல்கிறேன். இதெல்லாம் அறுபதுகளின் நடுவில் தொடங்குகிறது. பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் இடையில், ஒரு கல்குவாரியை ஒட்டி இருந்த பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் எனக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பல்லாவரத்தில் இறங்கி, மீதி தூரம் நடை. பையில் பயிற்சிப் பள்ளியில் நானே வரைந்த படங்கள் இருக்கும். மனசில் பெரிய பெரிய திட்டங்கள் இருக்கும்.

வெடிக்கு முன், வெடிக்குப் பின்

முதல் நாள் நடத்தியது நதிகள் பற்றிய பாடம். படத்தைக் கரும்பலகையில் மாட்டிவிட்டு, "காவிரி எங்கே உற்பத்தியாகிறது?" என்று கேட்டேன். அந்தச் சமயம் பார்த்து வெளியே எங்கேயோ ஒரு விசில் நீளமாக ஊதியது. அவ்வளவுதான், வகுப்பு முழுக்க இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு வாயை அகலமாகத் திறந்தது. என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நிமிஷம் வெடித்தது. ஒன்றன் பின் ஒன்றாக, தரை அதிர, ஓட்டு இடுக்கிலிருந்து மண் என் தலையில் உதிர்ந்தது. சத்தம் நின்ற பிறகும் ஒரு பிள்ளையும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லார் பார்வையும் ஜன்னல் மேலேயே இருந்தது. இன்னொரு விசில் வந்தது. அதாவது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அப்புறம்தான் எல்லாரும் ஒரே குரலில், "குடகு, டீச்சர்!" என்றார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் சார் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அமைதியான மனிதர். அந்தப் பள்ளியிலேயே தலை நரைத்தவர். என் தலையில் இருந்த மண்ணைப் பார்த்தார், சிரிக்கவில்லை. தினமும் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் குவாரியில் வெடி வைப்பார்கள் என்றும், அப்பா அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் பாதிக்கு மேல் என்றும், இரண்டாவது விசில் வரும் வரைக்கும் அவர்கள் காதில் எந்தப் பாடமும் ஏறாது என்றும் சொன்னார். பிறகு என் பாடக்குறிப்பை வாங்கி ஒரு தடவை புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்க பயிற்சிப் பள்ளிக்குப் பக்கத்தில குவாரி இருந்திருக்காதும்மா. வாயால நடத்தறதை வெடிக்கு முன்னாடி வச்சுக்குங்க, கையால எழுத வைக்கிறதைப் பின்னாடி வச்சுக்குங்க."

புளியங்கொட்டை

கணக்கைக் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும், கையால் தொட வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை கொண்டு வந்தேன். பெருக்கல், வகுத்தல் எல்லாம் கொட்டையை வரிசை வரிசையாக அடுக்கித்தான். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் நாளுக்கு நாள் டப்பா குறைந்துகொண்டே வந்தது. விளையாட எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்து மறுபடியும் நிரப்பினேன். மறுபடியும் குறைந்தது.

அது அரிசி கிடைக்காத காலம். ரேஷன் கடை வாசலில் காலையிலேயே கூட்டம் நிற்கும். இதையும் அதையும் சேர்த்து நான் யோசித்துப் பார்க்கவில்லை. ஒருநாள் வகுப்பிலேயே கேட்டேன், அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கேட்டேன். கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, ஊற வைத்துத் தின்றிருக்கிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, அநேகமாக எல்லாருமே. யாரும் அழவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, எனக்கு உதவி செய்கிற தோரணையில் யோசனை சொன்னான். "ஜல்லிக் கல்லு வெச்சிக்கோ டீச்சர். அத்த யாரும் துன்ன மாட்டாங்க."

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

அதே வருஷம் பள்ளியைப் பார்வையிட டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர்தான், வேட்டி மடிப்புக் கலையாமல் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றைக்குப் பாடம் 'உணவும் உடல்நலமும்'. பால், முட்டை, கீரை, பழம் எல்லாம் வரைந்து வண்ணம் தீட்டிய படம் மாட்டியிருந்தேன். நான் நேராகப் படத்துக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஆயத்த வினா எங்கம்மா? பிள்ளைகளுக்குத் தெரிஞ்சதிலிருந்து தெரியாததுக்குப் போகணும். இப்படி வாங்க, நான் செஞ்சு காட்டறேன்" என்று சாக்பீஸைக் கையில் வாங்கிக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு பையனை எழுப்பி, "தம்பி, இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டே?" என்றார். "டீ, சார்." "சரி, அப்புறம்?" "அப்புறம் இஸ்கூலுக்கு வந்தேன், சார்." பக்கத்துப் பெண்ணைக் கேட்டார். அவளும் டீ. இன்னொருவனைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் 'டீ' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அதிலிருந்து முட்டைக்கு எப்படிப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. முகம் மாறிவிட்டது. அதை அழித்துவிட்டு, சாக்பீஸை என் மேஜை மேல் மெதுவாக வைத்தார். போகும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "இந்த வகுப்புக்கு அந்தக் கேள்வி வேண்டாம்மா. வேற ஏதாவது யோசிங்க."

தட்டிக்கு அந்தப் பக்கம்

எங்களுக்குத் தனித்தனி அறை கிடையாது. நீளமான ஒரே கூடம், நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்புக்கு சரஸ்வதி அக்கா. என்னைவிட மூத்தவர், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வருவார், நல்ல கணீர்க் குரல். அவர் கேள்வி கேட்டால் என் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். நான் கதை சொன்னால் தட்டியின் ஓட்டை வழியாக அவர் பிள்ளைகளின் கண்கள் தெரியும். கடைசியில் இருவரும் உட்கார்ந்து சேர்ந்தே திட்டம் போட்டோம். அவர் வாய்விட்டு நடத்தும்போது நான் எழுத்து வேலை கொடுப்பேன். நான் பேசும்போது அவர் பக்கம் எழுதும். தட்டிக்கு இரண்டு பக்கமும் வகுப்பு வைத்திருக்கிற யாரும் இதைச் செய்து பாருங்கள், பாதித் தொண்டை மிஞ்சும்.

அக்காவுக்கு அந்தப் பாதியும் மிஞ்சவில்லை. இருமல் வந்தது. சாக்பீஸ் தூசி என்றோம், குவாரித் தூசி என்றோம். பிறகு ரத்தம் வந்தது. காசநோய் என்று சானடோரியத்தில் சேர்த்தார்கள். தினமும் என் ரயில் நின்று போகிற ஸ்டேஷன்தான். தட்டியைக் கழற்றிவிட்டு இரண்டு வகுப்பையும் நானே பார்த்துக்கொண்டேன். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, நன்றாகப் படிக்கிற ஒருவனையே எப்போதும் தலைவனாக்காமல் குழுத்தலைமையை வாரம் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன். அடிதடி பாதி குறைந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. சொல்லாமலே அடங்கி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் ரயிலை விட்டு இறங்கி அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் பாதி ஆளாக இருந்தார். குடும்பம், உடம்பு எதைப் பற்றியும் பேசவில்லை. பாடம் எதில் நிற்கிறது என்று கேட்டார். அடுத்தது பின்னம் என்றேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "பின்னத்தை மட்டும் நீ தொடாதேடி. குழப்பிடுவே. நான் வந்து நடத்தறேன்."

முதல் வரிசை

பின்னத்தை நான்தான் நடத்தினேன். சரஸ்வதி அக்கா திரும்பி வரவில்லை. அவர் இடத்துக்கு வேறொருவர் வந்ததும், மறுபடியும் தட்டியைக் கட்டினோம்.

அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்கு அஞ்சலை என்று ஒரு பெண் வந்தாள். அப்பா ஏழுமலை குவாரியில் வெடி வைக்கக் குழி போடுகிறவர், அம்மா கன்னியம்மா ஜல்லி உடைக்கிறவர். எதைக் கேட்டாலும் அஞ்சலை ஒரு கணம் தாமதித்து, பக்கத்தில் இருப்பவள் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். மந்தம் என்று முந்தைய வகுப்பிலிருந்தே பேர் வாங்கியிருந்தாள். மந்தமான பிள்ளையை முன்னால் உட்கார வை என்பது நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், உட்கார வைத்தேன். ஆனால் நான் கரும்பலகையின் ஒரு பக்கம் நின்றால் அவளுக்குப் புரிந்தது, மறுபக்கம் போனால் புரியவில்லை. ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வலது காதுப் பக்கம் நின்றபோது திரும்பினாள். இடது பக்கம் நின்றபோது எழுதிக்கொண்டே இருந்தாள். உங்கள் வகுப்பிலும் மந்தம் என்று ஒதுக்கி வைத்த பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள்.

அவள் வலது காது என் நாற்காலிப் பக்கம் இருக்கும்படி, இடது காது வாசல் பக்கம் போகும்படி இடம் மாற்றினேன். இரண்டே வாரத்தில் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் நேராகக் கன்னியம்மாவிடம் போய்ச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். அவள் கல் உடைப்பதை நிறுத்தவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது பாறை மறைவில் தூளி கட்டிப் போட்டதில் அப்படி ஆகியிருக்கும் என்று, மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அப்புறம் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள். "ஒரு காது கேக்கலன்னா நல்லதுதான் டீச்சர். அது அப்பன் குடிச்சிட்டு வந்து பேசறத ரெண்டு காதாலயும் கேட்டுகினு இன்னா பண்ணப் போவுது?"

ஏழாம் வாய்ப்பாடு

அந்த வருஷத்திலேயே ஒருநாள், காலை இடைவேளை முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்த நேரம், வெடித்தது. வழக்கமான நேரம் இல்லை. விசிலும் இல்லை. ஒரே ஒரு வெடி. யாரும் காதைப் பொத்தியிருக்கவில்லை. ஓட்டு மண் உதிர்ந்து சிலேட்டுகள் மேல் விழுந்தது. ஒரு பையன் எழுந்து நின்று, "விசில் ஊதல, டீச்சர்" என்றான். அவ்வளவுதான் சொன்னான், மொத்த வகுப்பும் எழுந்துவிட்டது.

ஞானப்பிரகாசம் சார் ஓடி வந்து வெளிக்கதவைச் சாத்திவிட்டு என்னிடம், யாரையும் வெளியே விடாதீர்கள், அவர்கள் அதைப் பார்க்க வேண்டாம் என்றார். நான் என்ன செய்வது? எந்தப் பாடக்குறிப்பில் இருக்கிறது இது? கதை சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் ஏழாம் வாய்ப்பாட்டை ஆளுக்கு ஒரு வரியாகச் சொல்லச் சொன்னேன். வரிசையாக ஆரம்பித்தார்கள். சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள், ஆனால் சொன்னார்கள். யாரும் வரியைத் தப்பவிடவில்லை. அடுத்தவர் சொல்லும்வரைக்கும் தன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளையாகக் கல்தூள். சட்டை முன்பக்கம் மட்டும் வேறு நிறம். கூட்டத்துக்குள் யாரைத் தேடுவது என்று தெரியாமல், தாழ்ந்த குரலில், "ஏழுமலை பொண்ணு இங்கதான் படிக்குதா?" என்று கேட்டார்.

வகுப்பு முழுக்க அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு வாசல் பக்கத்துச் சத்தம் கேட்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. தன் முறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பாவாடையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, தெளிவாக, "ஏழேழு நாற்பத்தொன்பது" என்றாள். ஒருவரும் அடுத்த வரியைச் சொல்லவில்லை. நான் கிட்டே போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "சரியாத்தான் சொன்னேன் இல்ல, டீச்சர்?"

முதல் பீரியட்

ஏழுமலை போன பிறகு அஞ்சலை பள்ளிக்கு வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் பார்த்துவிட்டு நானும் தலைமையாசிரியரும் போனோம். கன்னியம்மாவுக்குப் பக்கத்தில், விரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு, சின்னச் சுத்தியலால் அவளும் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். ஞானப்பிரகாசம் சார் உபதேசம் எதுவும் செய்யவில்லை. காலையில் கொஞ்ச நேரம், வெயில் ஏறுகிறவரைக்குமாவது அனுப்பு என்று கேட்டார். கன்னியம்மா மேஸ்திரியைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். கடைசியில் தலையை ஆட்டினாள்.

அன்றைக்கே கால அட்டவணையை மாற்றினோம். கணக்கும் வாசிப்பும் முதல் பீரியடுக்கு வந்தன. காலை வழிபாட்டை சார் சுருக்கினார். விதிப்படி தப்புதான். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அப்படி மாற்றியதும்தான் தெரிந்தது, பாதி நாளோடு காணாமல் போகிற பிள்ளைகள் இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று. பின்னால் நான் போன எல்லாப் பள்ளிகளிலும் முக்கியமான பாடத்தை முதல் பீரியடிலேயே வைத்தேன். மத்தியானம் வைத்தால், அது தேவைப்படுகிற பிள்ளை அங்கே இருக்காது.

அஞ்சலை அந்த ஏற்பாட்டில் அரைப்பரீட்சை வரை ஓட்டினாள். பொங்கல் முடிந்ததும் கன்னியம்மா படப்பைப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டாள். போகிற அன்று அஞ்சலை தானாகவே வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள், தலையில் பாத்திர மூட்டை. நான் அவள் வலது பக்கம் போய்க் குனிந்து, "புது ஸ்கூல்ல டீச்சர்கிட்ட சொல்லு, எனக்கு இந்தக் காதுதான் கேக்கும், இந்தப் பக்கம் உக்கார வைங்கன்னு சொல்லு" என்றேன். அவள் தலைமூட்டையைச் சரி செய்துகொண்டாள். "அவங்க கேட்டா சொல்றேன், டீச்சர்."

பயிற்சி மாணவர்கள்

இதெல்லாம் நடந்து பல வருஷம் கழித்து, எழுபதுகளில், தாம்பரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு 'வகுப்பறைத் திட்டமிடல்'. மின்விசிறி ஓடுகிற அறை, வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்ட புடவையுமாக இளம் பிள்ளைகள். நான் படமோ அட்டையோ எதுவும் கொண்டுபோகவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பாடக்குறிப்பு எழுதாதீர்கள், தினமும் ஒரு பிள்ளையோடு அதன் வீட்டுவரைக்கும் நடந்து போங்கள், போகிற வழியில் அது எதை எதையெல்லாம் தூக்கிச் சுமக்கிறது என்று பாருங்கள், அப்புறம் உட்கார்ந்து எழுதுங்கள் என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன்.

எல்லாரும் தலை நிமிராமல் குறிப்பெடுத்தார்கள். முடிந்ததும், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நல்ல கண்கள், கவனமாகக் கேட்டவள். பேனாவை மூடாமல் கையில் பிடித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டாள். "மேடம், இதையெல்லாம் பரீட்சையில கேப்பாங்களா?"

இத்தனை வருஷம் இந்த வேலையைப் பார்த்ததில் எனக்கு மிஞ்சிய புத்தி இவ்வளவுதான்: பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் போகாதீர்கள், எழுதிவிட்டோம் என்கிற தைரியத்திலும் போகாதீர்கள்.